விஜயதசமியில் ஒட்டிய ராடு

பசையைப் பற்றி யாராவது பாடம் எடுத்தால் சுந்தரேசனுக்குப் பிடிக்காது. எடுப்பதென்றால் அவர்தான் எடுக்க வேண்டும். விமானங்களைப் பழுது பார்க்கும் கம்பெனி ஒன்றில் முப்பத்தோரு வருட சர்வீஸ், அதில் பாதிக்கு மேல் ஒட்டும் வேலை. அவர் ஒட்டிக் கொடுத்த தகடுகளும் பலகைகளும் இந்நேரம் ஏதோ ஒரு கடலுக்கு மேலே பறந்துகொண்டிருக்கும். சிங்கப்பூரில் சுவா சூ காங் பக்கத்து வீட்டின் பின்னறையில் ரிமோட் ஹெலிகாப்டர் கட்டுவதைச் சும்மா ஒரு பொழுதுபோக்கு என்றுதான் சொல்லிக்கொள்வார். ஆனால் ஞாயிற்றுக்கிழமை ஹெலிகாப்டர் பறக்கவிடும் திடலில் பத்துப் பேர் சுற்றி நிற்க, "சுத்தம் பண்ணாம ஒட்டினது ஒட்டினதே இல்ல" என்று ஆரம்பிக்கும்போது அந்த முகத்தைப் பார்க்க வேண்டும். மாப்பிள்ளை வீட்டார் பந்தியில் முதல் இலைக்கு உட்கார்ந்தவர் முகம் அது.

அப்படிப்பட்டவர் செய்த காரியம் இது.

மருதப்பன் அவருக்குப் பழக்கமானது தேக்கா சந்தையில், ஒரு தேநீர் மேசையில். வளைந்துபோன ரோட்டர் இறக்கை ஒன்றைக் கண்ணுக்கு நேரே பிடித்து சுந்தரேசன் பார்த்துக்கொண்டிருந்தபோது, எதிரே உட்கார்ந்திருந்தவர், உள்ளே நார் விட்டுப்போச்சு அண்ணே, இனிமே சரிவராது என்றார். கேட்காமலே சொன்னதில் சுந்தரேசனுக்கு முதலில் எரிச்சல். வீட்டுக்கு வந்து அறுத்துப் பார்த்தால், சொன்னது அப்படியே சரி. மருதப்பனுக்கு நாற்பது வயது. ஊர் மன்னார்குடிப் பக்கம். மேற்கே ஒரு கப்பல் பட்டறையில் ஃபைபர் வேலை, பத்து வருடமாக இங்கேதான். மனைவியும் மகளும் ஊரில். ஞாயிறு ஒரு நாள்தான் அவருக்குச் சொந்தம். அந்த நாளை இரண்டு வருடமாகச் சுந்தரேசனின் பின்னறையிலும் திடலிலும் கழித்துவந்தார். தங்கும் விடுதியில் ஒரு அறைக்குப் பன்னிரண்டு பேர் என்பதால், ஹெலிகாப்டரை வைத்துக்கொள்ள அவருக்கு இடம் கிடையாது. அதனால் எல்லாமே சுந்தரேசனுடையவைதான். கை மட்டும் அவருடையது.

அந்த வருடம் இரண்டு பேரும் சேர்ந்து பாகம் பாகமாக வரும் ஒரு பெரிய ஹெலிகாப்டர் பெட்டி வாங்கினார்கள். மேலே இருக்கும் ரோட்டர் சுற்றினால் ஒன்றரை மீட்டர் அகலம். பெட்டி வந்து சேர்ந்த நேரம் ஆயுத பூஜை. சுந்தரேசன் ஸ்குரூ டிரைவர், கத்தரிக்கோல், லேப்டாப்போடு ஹெலிகாப்டர் பாகங்களையும் தாம்பாளத்தில் பரப்பி சரஸ்வதி படத்துக்கு முன்னால் வைத்தார். மனைவி சாமுண்டீஸ்வரி சந்தனம் குழைத்துக் கொடுக்க, ஒவ்வொன்றுக்கும் பொட்டு வைத்துக் குங்குமம் இட்டார். வால் பக்கத்துக் கார்பன் ராடுக்கு இரண்டு முனையிலும் மாட்ட வேண்டிய அலுமினியக் குழல்கள் அதில் இருந்தன. சுண்டுவிரல் நகம் அளவுதான் இருக்கும். பொட்டு வைத்த சந்தனம் அவற்றின் வாய்க்குள்ளேயும் கொஞ்சம் போயிற்று.

இந்த ராடு என்ன செய்கிறது என்பதைச் சொல்லிவிட வேண்டும். ஊதுபத்திக் குச்சியைவிடக் கொஞ்சம் பருமனாக, முக்கால் மீட்டர் நீளத்துக்கு இருக்கும். முன்னால் இருக்கும் மோட்டார் இழுக்கவும் தள்ளவும், அதைப் பின்னால் இருக்கும் வால் விசிறிக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பது இதுதான். இரண்டு முனையிலும் குழலை மாட்டிப் பசை வைத்து ஒட்ட வேண்டும். ஒரு முனை விட்டுப்போனாலும் வால் சொல் பேச்சு கேட்காது. வால் கேட்காவிட்டால் ஹெலிகாப்டர் பம்பரமாகச் சுற்றிக்கொண்டு கீழே வரும்.

மறுநாள் விஜயதசமி, ஞாயிற்றுக்கிழமையாக வாய்த்தது. புது வேலை தொடங்க இதைவிட நல்ல நாள் வராது என்று சுந்தரேசன் காலையிலேயே குளித்து வேட்டி கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். ராடின் நுனியை உப்புத்தாளால் தேய்த்தார். குழலை எடுத்தார். ஸ்பிரிட் புட்டியைத் திறந்தார். திறந்த கை அப்படியே நின்றது. அம்பாளுக்கு வைத்த சந்தனத்தை, விஜயதசமி காலையில், சாராய வாசனை அடிக்கிற திரவத்தால் துடைப்பதா? மனம் ஒப்பவில்லை. புட்டியை மூடிவிட்டு, வேட்டி நுனியைத் திரித்துக் குழலுக்குள் விட்டு நாலு சுற்றுச் சுற்றினார். உள்ளே வெளிச்சம் தெரிந்தது. போதும் என்று தோன்றிற்று. பசையைச் சம அளவாகக் கலந்து, வால் பக்கத்து முனையை நல்ல நேரத்திலேயே ஒட்டி முடித்தார்.

மத்தியானம் மருதப்பன் வந்தார். இந்த ஊர்க் கணக்குக்கு ஐந்தரைக்கு ராகு காலம், அதற்குள் முன் முனையை முடித்துவிடு என்று சுந்தரேசன் அவரை விரட்டினார். மருதப்பன் அவசரப்படவில்லை. இரண்டாவது குழலில் இருந்த சந்தனத்தைப் பார்த்ததும் அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். பிறகு பல் குத்தும் குச்சியில் பஞ்சைச் சுற்றி, ஸ்பிரிட்டில் நனைத்து, பஞ்சு வெள்ளையாக வரும்வரை உள்ளே துடைத்தார். அம்மா கோவிச்சுக்க மாட்டா அண்ணே என்று சிரித்தார். அதோடு விட்டிருக்கலாம். வால் பக்கம் ஸ்பிரிட் போட்டீங்களா என்றும் ஒரு வார்த்தை கேட்டுவிட்டார்.

"எனக்கேவா?" என்றார் சுந்தரேசன்.

மருதப்பன் பசையைக் கலக்க ஆரம்பித்தார்.

அடுத்த ஞாயிறு திடலில் முதல் ஓட்டம். சீனர், மலாய்க்காரர், தமிழர் எல்லாரும் கலந்த சங்கம் அது. செயலாளர் வித்யா, ஒரு வங்கியில் அதிகாரி. புது ஹெலிகாப்டர் என்றதும் பன்னிரண்டு பேர் கூடிவிட்டார்கள். ரிமோட் சுந்தரேசன் கையில். மூன்று நிமிடம் எல்லாம் அழகாகத்தான் போயிற்று. ஹெலிகாப்டர் தரையிலிருந்து எழுந்து நின்றது, முன்னால் போயிற்று, திரும்பிற்று. திரும்பிய இடத்தில் வால் ஒரு தடவை வெட்டியது. அப்புறம் நிற்கவில்லை. சுற்றிக்கொண்டே, எல்லாரும் உட்காரும் கூடாரத்துப் பக்கம் வந்து விழ, உடைந்த இறக்கைத் துண்டு ஒன்று சங்கத்து உறுப்பினர் அசோக்கின் மடக்கு நாற்காலித் துணியைக் கிழித்துக்கொண்டு போனது. தண்ணீர் எடுக்க அசோக் அப்போதுதான் அதிலிருந்து எழுந்திருந்தார். அரை நிமிடம் முன்னால் என்றால் கிழிந்திருப்பது துணி அல்ல.

மருதப்பன் மட்டும் ஓடிப்போய் பேட்டரியைப் பிடுங்கிவிட்டு, முட்டி போட்டுத் துண்டுகளைப் பொறுக்க ஆரம்பித்தார். வித்யா வந்து வால் பக்கத்தைப் புரட்டிப் பார்த்தார். ராடு கழன்று தொங்கிக்கொண்டிருந்தது. இதை ஒட்டினது யார் என்று கேட்டார்.

சுந்தரேசனுக்கு அந்த நொடியே விடை தெரியும். வாய்தான் வேறு வழியில் போயிற்று. ராடு மருது ஒட்டியது, நான் ஒரு தடவை செக் பண்ணியிருக்க வேண்டும், என் தப்பும் இருக்கிறது என்று ஆங்கிலத்தில் சொன்னார். அந்தக் கடைசி வாக்கியத்தை என்னவென்று சொல்வது? பழியை அடுத்தவன் தலையில் கட்டியதும் அல்லாமல், பெரிய மனுஷன் என்ற பெயரையும் அதே மூச்சில் வாங்கிக்கொண்டார். அசோக் அவர் தோளைத் தட்டிக் கொடுத்தார். ஷிப்யார்டு வேலை, இங்கெல்லாம் சரிவருமா லா என்று இந்த ஊர் இழுப்பில் சொன்னார் யாரோ. பொய் முழுப் பொய்யும் அல்ல, மருதப்பனும் ஒரு முனையை ஒட்டியவர்தானே. அதுதான் இன்னும் அசிங்கம்.

ஆங்கிலத்தில் சொன்னதற்கும் காரணம் இருந்தது. மருதப்பனுக்குப் புரியாது என்று ஒரு நம்பிக்கை. பத்து வருடம் பட்டறையில் ஃபோர்மனின் ஆங்கிலத்தைக் கேட்டு வேலை பார்த்தவருக்கு, தன் பெயரும் ராடும் ஒட்டியதும் ஒரே வாக்கியத்தில் வந்தால் புரியாமலா போகும்? அவர் ஒரு தடவை நிமிர்ந்து பார்த்தார். பிறகு குனிந்து மறுபடி பொறுக்கினார். ஆறு மாதத்துக்கு அவர் எந்த ஹெலிகாப்டரையும் தொடக்கூடாது, பறக்கும் இடத்துக்கு வரக்கூடாது என்று வித்யா அன்றைக்கே சொல்லிவிட்டார். சரி மேடம், சாரி மேடம் என்றார் மருதப்பன்.

துண்டுகளைப் பொறுக்கிப் போட்ட பையிலேயே ஒரு வாரம் வைத்திருந்தார் சுந்தரேசன். கடைசியில் ஒரு சாயங்காலம் பின்னறைக் கதவைச் சாத்திக்கொண்டு பிரித்தார். முன் முனை, மருதப்பன் ஒட்டியது, இறுகிப்போய் இருந்தது. குறடு வைத்துத் திருகினாலும் அசையவில்லை. கார்பன்தான் பிளந்தது, பசை விடவில்லை. பின் முனையில் குழல் காலி. பசை முழுசாக ராடோடு கூட வெளியே வந்திருந்தது. அதன்மேல் மெல்லிய தோல் மாதிரி ஒரு மஞ்சள், ஓரத்தில் ஒரு துளி சிவப்பு. முகர்ந்து பார்த்தார். பூஜையறை வாசனை.

வெட்கம் உடனே வந்துவிட்டதா என்றால், இல்லை. முதலில் வந்தது பயம். மேசை இழுப்பறையிலிருந்து பேனாக் கத்தியை எடுத்து அந்த மஞ்சளைச் சுரண்ட ஆரம்பித்தார். இந்த ராடை யார் வந்து பார்க்கப்போகிறார்கள்? யாரும் கேட்கப்போவதில்லை. இருந்தும் சுரண்டினார். பாதி சுரண்டியபோதுதான் தன் கை என்ன செய்கிறது என்று கண்ணுக்குத் தெரிந்தது. கத்தியைக் கீழே வைத்தார். காது மடல்வரை சூடேறிற்று. அந்த அறையில் அவரைத் தவிர யாரும் இல்லை, ஆனாலும் விளக்கை அணைத்துவிட்டு இருட்டில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தார்.

தீபாவளிக்கு மருதப்பன் வரவில்லை. இரண்டு வருடமாக மத்தியானச் சாப்பாடு இங்கேதான். "தீபாவளி நல்வாழ்த்துகள் அண்ணே, அண்ணிக்கும் சொல்லுங்க" என்று ஒரு மெசேஜ் மட்டும் வந்தது. உங்க ஆளுக்கு என்ன ஆச்சு, அவருக்குன்னு ஆட்டுக்கறி தனியா எடுத்து வெச்சேன் என்று சாமுண்டீஸ்வரி கேட்டார். வேலையாம் என்றார் சுந்தரேசன். அன்றைக்குப் பொது விடுமுறை. சாமுண்டீஸ்வரி அவரை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் பாத்திரத்தை மூடி ஃபிரிட்ஜில் வைத்தார்.

அடுத்த ஞாயிறு சுந்தரேசன் தேக்காவுக்குப் போனார். தீபாவளி முடிந்தும் சிராங்கூன் சாலையில் கூட்டம் குறையவில்லை. கைப்பையும் போனுமாக ஆயிரம் பேர் நிற்கும் அந்தத் தெருவில் ஒருவரைக் கண்டுபிடிப்பது லேசில்லை. ஆனால் மருதப்பன் எங்கே இருப்பார் என்று அவருக்குத் தெரியும். அதே மேசை. எதிரே போய் உட்கார்ந்தார். மருதப்பன் எழுந்து போய் அவருக்கும் ஒரு டீ வாங்கி வந்து வைத்தார். அந்த டீயைப் பார்த்ததும், வழி நெடுக மனப்பாடம் செய்து வந்ததெல்லாம் சுந்தரேசனுக்கு மறந்துபோயிற்று.

விட்டுப்போனது தன் பக்கம்தான் என்றார். சந்தனத்தைத் துடைக்காமல் ஒட்டிவிட்டேன் என்றார். ஸ்பிரிட்டைத் தொட மனம் வராததையும் வேட்டி நுனியையும் சொன்னார். கத்தியால் சுரண்டியதைக்கூடச் சொல்லிவிட்டார். மருதப்பன் டீயை ஆற்றிக்கொண்டே கேட்டார். முகத்தில் ஆச்சரியம் எதுவும் இல்லை.

"தெரியும்ணே. அன்னைக்குப் பொறுக்கும்போதே பாத்தேன், மஞ்சளா இருந்துச்சு."

சுந்தரேசனுக்கு உட்கார்ந்திருந்த நாற்காலி ஆடியது மாதிரி இருந்தது. "பின்ன ஏம்ப்பா அங்கேயே சொல்லல?"

"சொல்லியிருந்தா யாருண்ணே நம்புவாங்க? நீங்க சொன்னப்புறம்."

கோபமாகச் சொல்லவில்லை. மழை வரும்போல இருக்கிறது என்று சொல்கிற மாதிரிதான் சொன்னார். சுந்தரேசன் மேசையைப் பார்த்துக்கொண்டு, மன்னிச்சிரு மருது என்றார். மருதப்பன் மிச்ச டீயைக் குடித்துவிட்டு டம்ளரைத் தள்ளி வைத்தார். அங்கே பன்னிரண்டு பேர் இருந்தாங்க அண்ணே, இங்கே நாம ரெண்டு பேர்தான் இருக்கோம் என்றார்.

அது போதும். வரும் ஞாயிறு திடலுக்கு வா, எல்லார் முன்னாலும் சொல்கிறேன் என்று சுந்தரேசன் கூப்பிட்டார். மருதப்பன் வர மறுத்தார். தான் பக்கத்தில் நின்றால், தானே அவரைப் பிடித்து இழுத்துவந்து சொல்ல வைத்ததாக நினைப்பார்கள், இரக்கப்பட்டுச் சொல்கிறார் என்பார்கள், நீங்க தனியாகப் போய்ச் சொல்லுங்கள் என்றார். அவ்வளவு தூரம் யோசித்து வைத்திருந்தார். இத்தனை நாளும் அவர் இதைத்தான் யோசித்துக்கொண்டிருந்திருக்கிறார் என்பது சுந்தரேசனுக்கு அப்போது உறைத்தது.

அந்த ஒரு வாரமும் அவருக்குச் சரியாகச் சோறு இறங்கவில்லை. முப்பத்தோரு வருட நல்ல பெயர் இத்தோடு போயிற்று, இனி திடலில் ஒரு பயல் மதிக்கமாட்டான், தப்பாக ஒட்டியது ஒன்று, பொய் சொன்னது இன்னொன்று, சங்கத்தை விட்டே நீக்கினாலும் நீக்குவார்கள் என்று கணக்குப் போட்டுக்கொண்டே இருந்தார். போகாமல் இருந்துவிடலாமா என்றும் இரண்டு தடவை யோசித்தார். போனார்.

எல்லாரும் இருந்தார்கள். அவர் ராடைக் கையில் பிடித்துக்கொண்டு, அன்றைக்குச் சொன்ன அதே ஆங்கிலத்தில், ஒன்றையும் குறைக்காமல் சொன்னார். விட்டது என் முனை, பூஜைச் சந்தனத்தைச் சரியாகத் துடைக்காமல் ஒட்டினேன். மருதப்பன் ஒட்டிய முனை இன்னும் இறுகித்தான் இருக்கிறது, வந்து பாருங்கள். துடைத்தீர்களா என்று என்னைக் கேட்டதும் அவர்தான். எனக்குத் தெரிந்திருந்தும் அவர் பெயரைச் சொன்னேன். சொல்லி முடித்துவிட்டு, வரப்போவதை வாங்கிக்கொள்ளத் தயாராக நின்றார்.

முதலில் அசோக்தான் சிரித்தார். சந்தனமா, சாமிக்கு வெச்ச சந்தனமா என்று கேட்டுவிட்டு, தொடையைத் தட்டிக்கொண்டு சிரித்தார். விஷயம் புரியாத சீன நண்பருக்கு ஒருவர் விளக்கிச் சொல்ல, அவரும் சிரித்தார். அங்கிள், அடுத்த தடவை பசைக்கே பூஜை போட்டுடுங்க என்றது ஒரு குரல். வித்யா சிரிப்பை அடக்கிக்கொண்டு, பரவாயில்ல சார், யாருக்கும் அடிபடலையே, உங்க ஃபிரெண்டை வரச் சொல்லுங்க என்றார். அவ்வளவுதான், முடிந்துபோயிற்று. இதற்கா ஒரு வாரம் சோறு இறங்காமல் கிடந்தோம் என்று சுந்தரேசனுக்குள் ஏதோ தளர்ந்து, அவர் உதடும் ஓரத்தில் மெல்ல விரிந்தது. தான் சிரிக்கிறோம் என்று தெரிந்த நொடியில் உடம்பெல்லாம் கூசிற்று.

மருதப்பனுக்குக் கொடுத்த ஆறு மாதத் தடையை எனக்குக் கொடுங்கள் என்றார் வித்யாவிடம். எதுக்கு சார் அதெல்லாம், நீங்க இல்லன்னா இவங்களுக்கெல்லாம் யார் சொல்லித் தருவாங்க என்றார் வித்யா. நீங்கள் கொடுக்காவிட்டாலும் நான் எடுத்துக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டுப் புறப்பட்டார். சார் கோவிச்சுக்கிட்டார் லா என்று பின்னால் யாரோ சொல்வது கேட்டது.

பஸ் நிறுத்தத்தில் உட்கார்ந்து மருதப்பனுக்குப் போன் போட்டார். எல்லாவற்றையும் சொல்லிவிட்டதாகவும், தடையை நீக்கிவிட்டார்கள் என்றும் சொன்னார். மருதப்பன் கேட்டுக்கொண்டார். பிறகு ஒன்று மட்டும் கேட்டார்.

"என்னண்ணே சொன்னாங்க?"

எல்லாரும் என்னைத் திட்டித் தீர்த்துவிட்டார்கள் என்று சொல்லிவிடலாம். அது மருதப்பனுக்கும் ஆறுதல், தனக்கும் ஆறுதல். வாய் அதற்குத் தயாராகவே இருந்தது. அந்த வாயைச் சுந்தரேசன் இப்போது நன்றாக அறிவார்.

"சிரிச்சாங்க மருது" என்றார்.

பஸ் ஒன்று வந்து ஆட்களை ஏற்றிக்கொண்டு போயிற்று. சுந்தரேசன் ஏறவில்லை.

"நான் அங்க முட்டி போட்டுப் பொறுக்கிட்டு இருந்தப்ப ஒருத்தராவது அப்படிச் சிரிச்சு விட்டிருக்கலாம்ணே" என்றார் மருதப்பன்.

வரும் ஞாயிறு வீட்டுக்கு வருவாயா என்று கேட்கத்தான் சுந்தரேசன் போன் போட்டிருந்தார். கேட்கவில்லை.